சேறு, தரிசு, மேய்க்கால்... அரிய பறவைகளின் மார்கழி முகவரி!

மார்கழி பிறந்துவிட்டால், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டார வயல்வெளிகளில் விடிந்தும் விடியாத நேரத்தில் நாலைந்து பேர் கொண்ட சிறு கூட்டங்கள் தென்படும். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, ஒருவர் தோளில் முக்காலியோடு கூடிய டெலஸ்கோப். வரப்பில் நின்று நிலத்தையே உற்றுப் பார்க்கும் இவர்களைக் கண்டால், இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சிப்காட் வந்த பிறகு, வெளியூர்க்காரர் ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவர் சர்வேயராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மனை புரோக்கராக இருக்க வேண்டும். ஆனால், இவர்கள் தேடி வருவது நிலத்தை அல்ல. அந்த நிலத்தில் வந்து இறங்கும் விருந்தாளிகளை!

இவர்கள் சென்னையிலிருந்து வரும் பறவை நோக்கர்கள். 1978-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளில் இருப்பவர்களும் உண்டு. நண்பர்களாகச் சேர்ந்து கிளம்பி வருபவர்களும் உண்டு. சிலர் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் முதல் மின்சார ரயிலைப் பிடிக்கிறார்கள். சிலர் கட்டுச்சோறும் ஃபிளாஸ்கில் டீயுமாக வேன் பிடித்து வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் நிரம்பி, பனி இறங்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இவர்களுக்கு அறுவடைக் காலம்.

காக்கையும் மைனாவும் எங்கும் உண்டு. எப்போதாவது, எங்கேயாவது மட்டும் கண்ணில் படும் அரிய பறவையைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்த அரிய பறவை இருக்கும் இடம் அடர்ந்த காடும் இல்லை, மலையும் இல்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘தரிசு’, ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதி ஒதுக்கப்பட்ட நிலம், உப்பங்கழிச் சேறு, அறுவடை முடிந்த வயல், தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் ஏரி. யாருக்கும் பயனில்லை என்று நினைக்கப்படும் இடங்கள்தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் பறவைகளின் குளிர்கால முகவரி!

காலை: வயலுக்கு மேல் ஒரு காவல்காரன்

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல் சுற்றிச் சுற்றி வரும். மார்கழி, தை மாதங்களில் ஒரு வயலில் சம்பா அறுவடை நடக்கும்; பக்கத்து வயலில் நவரைக்குச் சேற்றுழவு ஓடும். பறவை நோக்கர்களின் நாள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்குகளும் மடையான்களும் வரிசை கட்டி நடக்கின்றன. உழவில் புரண்டு வெளியே வரும் புழு, பூச்சி, தவளைதான் அவற்றின் காலைச் சாப்பாடு. கொஞ்சம் தள்ளி, நத்தைகுத்தி நாரை தண்ணீருக்குள் அலகை விட்டு நத்தையை எடுக்கிறது. இதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையை அதன் ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கத் தோதான கருவி அது. கரன்ட் கம்பியில் பனங்காடையும் கரிச்சானும் பஞ்சுருட்டானும் உட்கார்ந்து, பறக்கும் பூச்சிகளைக் குறிவைக்கின்றன.

இவையெல்லாம் விவசாயிகளுக்குப் பழகிய முகங்கள். நண்பர்கள் குழு காத்திருப்பது வேறொன்றுக்காக. அறுத்த தாளுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், இறக்கைகளை ‘வி’ வடிவில் தூக்கிப் பிடித்தபடி, அடிக்காமல் மிதந்து வரும் பருந்து தெரிந்தால் போதும்... எல்லோருடைய பைனாகுலரும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதுதான் பூனைப்பருந்து.

கஜகஸ்தான் உள்ளிட்ட நாடுகளின் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இந்தியாவுக்கு வருகின்றன பூனைப்பருந்துகள். இவற்றில் பல இனங்கள் உண்டு. ஏரி ஓரமும் நாணல் ஓரமும் சுற்றுவது சேற்றுப் பூனைப்பருந்து. தரிசிலும் மானாவாரி நிலத்திலும் சுற்றுபவை, அளவில் சிறிய மெலிந்த இனங்கள். வெட்டுக்கிளி, எலி, ஓணான், சின்னக் குருவி ஆகியவைதான் இவற்றுக்கு உணவு. வயலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஏர் ஓட்டுவது போலத் தாழப் பறந்து சலித்துவிட்டுப் போகும். கூலி கேட்காத காவல்காரன்!

பகலில் இவ்வளவு வேலை செய்யும் பறவை, ராத்திரி மரத்தில் தங்குவதில்லை. உயர்ந்த புல் இருக்கும் திறந்தவெளியில், தரையில் கூட்டமாகப் படுத்துறங்கும். ஆக, பூனைப்பருந்துக்கு இரண்டு நிலம் வேண்டும். இரை தேட வயல், படுக்கப் புல்வெளி. ஆடு, மாடு மேயும் மேய்க்கால் நிலம்தான் இதன் படுக்கையறை. தொழிற்பேட்டைக்கோ, மனைப்பிரிவுக்கோ நிலம் தேடும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இந்த மேய்க்கால்தான். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக மேய்ச்சல் நிலத்தை எடுத்தபோது, அந்த ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். கால்நடைக்காக அவர்கள் கேட்ட அதே நிலம்தான், பெயர் தெரியாத பல பறவைகளுக்கும் வீடு.

நடுப்பகல்: சேற்றில் ஓர் ஊடுபயிர்ப் பாடம்

வெயில் ஏறுவதற்குள் குழு பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறது. ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரி, பறவை நோக்கர்கள் பலகாலமாக வந்துபோகும் இடம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்பகுதி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு மதில்போல நீண்டு கிடக்கிறது. ஆரணி ஆறு, காலங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறாலும் நண்டும் மீனும் வளர்கின்றன. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரிகிறது. டெலஸ்கோப்பில் கண் வைத்தால்தான் அது கோடு அல்ல, பூநாரைக் கூட்டம் என்று தெரியும். நாலடிக்கும் மேல் உயரம் கொண்ட இந்தப் பறவை, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிடுகிறது. பாசியிலும் நுண்ணிய கூனி வகைகளிலும் இருக்கும் நிறமிதான் இறகுக்கு அந்த இளஞ்சிவப்பைத் தருகிறது. குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மழை அதிகமாகி ஏரியில் ஆழம் கூடினால் பூநாரைக்கு நிற்க இடமில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கூட்டம் சேரும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அரிய பறவையைத் தேடுகிறவர்களின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கரையோரச் சேற்றில் சாம்பலும் பழுப்புமாக, எல்லாம் ஒன்றுபோலவே தெரியும் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் மேய்கின்றன. ஒவ்வொன்றாக அலகின் நீளம், வளைவு, காலின் நிறம் பார்க்க வேண்டும். நூறில் ஒன்று வேறாக இருக்கலாம். ‘அது இதுதான்’ என்று ஒருவரும், ‘இல்லவே இல்லை’ என்று இன்னொருவரும் அரைமணி நேரம் வாதாடுவார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பட்டியலில் எழுதமாட்டார்கள். அதுதான் இவர்களிடையே உள்ள ஒழுங்கு.

அந்தக் கூட்டத்தில் மிகச்சிறியது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். ஒரு கைப்பிடி நெல்லின் எடை. இது முட்டையிடுவது மரம்கூட முளைக்காத ஆர்க்டிக் பனிப்பிரதேசத்தில். அங்கிருந்து கண்டம் தாண்டி வந்து, இந்தச் சேற்றில் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, கோடை தொடங்கும்போது திரும்பிப் பறக்கிறது. திரும்பும் பயணத்துக்கான கொழுப்பு முழுக்க இந்த மாதிரிக் கரைகளில் சேர்த்ததுதான்.

கூட்டத்தில் பெரியது பெரிய கோட்டான். ஊர்ப்பேச்சில் கோட்டான் என்றால் ஆந்தை. இது அதுவல்ல, கதிரரிவாள் போல் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு கொண்ட கரையோரப் பறவை. உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவருவதால், அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். வயலிலும் ஏரியிலும் மேயும் கருவால் மூக்கனும் அதே பட்டியலில் இருக்கிறது.

ஒரே சேற்றில் இத்தனை பறவைகள் சண்டையில்லாமல் எப்படிப் பிழைக்கின்றன? ஊடுபயிர் செய்யும் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். ஒரே வயலில் மேல் மண்ணில் வேர்விடும் பயிரும், ஆழ வேர்விடும் பயிரும் ஒன்றையொன்று கெடுக்காமல் வளர்வதில்லையா? அதுபோலத்தான். குட்டை அலகுக்காரன் மேல்சேற்றில் பொறுக்குகிறான். நடுத்தர அலகுக்காரன் கொஞ்சம் கீழே துழாவுகிறான். கோட்டான் அலகை அடிவரை இறக்கி, வளைக்குள் இருக்கும் நண்டையும் புழுவையும் இழுக்கிறது. சேற்றின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் ஆள்!

இந்தச் சேற்றை நம்பி மனிதர்களும் இருக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் ‘பாடு’ என்ற முறையைத் தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஏரியில் எந்தப் பகுதியில், யார், எப்போது வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏரிப்பாசனத்தில் மடைக்கு முறைவைத்துத் தண்ணீர் பிரிப்பதைப் போலத்தான். எங்கே கால் புதையும், எங்கே தரை இறுகியிருக்கும் என்பதை அவர்களிடம் கேட்காமல் அனுபவமுள்ள பறவை நோக்கர்கள் யாரும் சேற்றில் இறங்குவதில்லை.

பிற்பகல்: முகத்துவாரத்தில் காத்திருப்பு

டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் பழவேற்காடு. அதைத் தாண்டிப் போனால் கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரம். இங்கே மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் கூட்டமாக ஓய்வெடுக்கும். கறுப்பு வெள்ளை உடம்பும், கேரட் நிற அலகும் கொண்டு, சிப்பியைப் பிளந்து தின்னும் சிப்பிபிடிப்பான் எப்போதாவது தென்படும். அதைவிட அரிது நண்டுண்ணி. அரபு நாடுகளின் கடற்கரை மணலில் வளை தோண்டி முட்டையிடும் விசித்திரமான பறவை அது. இதைப் பார்க்காமலேயே பல குளிர்காலங்கள் வந்து திரும்பியவர்கள் உண்டு.

படகில் போனால் அருகில் பார்க்கலாமே என்ற ஆசை வரும். 2011 டிசம்பர் 25 அன்று, இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. குடும்பத்தோடு வருபவர்கள் கரையில் நின்று பார்ப்பதே பாதுகாப்பு. படகு நெருங்கினால் பறவையும் பறந்துவிடும், மேய்ச்சலும் கெடும்.

முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோவது மீனவர்களின் நெடுநாள் கவலை. கடல்நீர் வந்துபோனால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும். சேற்றில் உயிர் இருக்கும். சேற்றில் உயிர் இருந்தால்தான் உள்ளானுக்கு உணவு. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் நடந்தது இன்னொரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்தது. கொசஸ்தலை ஆற்றின் முகத்தில் வலையும் படகும் கறுத்தன. எண்ணெய் அப்பிய இறக்கைகளோடு கூழைக்கடாக்கள் தவித்ததை எல்லோரும் படத்தில் பார்த்தார்கள். ஒரே வெள்ளத்தில் மீனவரும் பறவையும் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள்.

மாலை: ஏரியின் ஓரம் சொல்லும் கணக்கு

பொழுது சாயும் நேரத்தில் குழு கும்மிடிப்பூண்டி பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் வந்து உட்காருகிறது. ஒரு பக்கம் ஆலைப் புகைபோக்கிகள், மறுபக்கம் நெல்வயல். நடுவே தண்ணீரில் நாமக்கோழிகள், ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள்.

இங்கே கவனிக்க வேண்டியது நடுத்தண்ணீரை அல்ல, ஓரத்தை. ஏரியின் கரை மெல்லச் சரிந்து இறங்கினால், விரல் ஆழத்தில் உள்ளான், சாண் ஆழத்தில் பவளக்காலி, முழ ஆழத்தில் நாரை, அதற்கும் அப்பால் வாத்து என்று படிப்படியாக நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற இந்த வரிசை அப்படியே உள்ளே நகரும். தை, மாசி முழுக்க ஏதாவது ஒரு பறவைக்கு அங்கே சாப்பாடு உண்டு.

அதே ஏரியை நாலு பக்கமும் பொக்லைன் வைத்துச் சுவர்போல வெட்டி ஆழப்படுத்தினால் என்ன ஆகும்? தண்ணீர் கூடுதலாக நிற்கும். நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும். நிற்க இடமில்லாத உள்ளானும் நாரையும் வராது. ஆடு, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழியிருக்காது. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியதிலிருந்து பல ஏரிகள் தூர்வாரப்பட்டிருக்கின்றன. அது தேவையான வேலைதான். அதை எந்த வடிவத்தில் செய்கிறோம் என்பதில்தான் பறவைகளின் பிழைப்பு இருக்கிறது.

சென்னையின் தாகத்துக்காக கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்து, 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஏரி, மேய்க்கால், கழிவெளி மூன்றையும் காலி மனையாக மட்டும் கணக்கிடுவதில்தான் கோளாறு.

வேறு கணக்கும் தமிழ்நாட்டில் உண்டு. வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை விவசாயிகள் என்றோ கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாகவே வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரண்டுவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. சரணாலயப் பலகை வைப்பதற்கு முன்பே பறவையைக் காப்பாற்றியது ஏரிப்பாசன விவசாயிகள்தான்.

இருட்டத் தொடங்கியதும் நண்பர்கள் நோட்டை விரித்து, அன்று பார்த்ததை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கிறார்கள். அரிய பறவை கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. கிடைக்காத நாளின் பட்டியலுக்கும் மதிப்பு உண்டு. ஒரே ஏரியில் ஆண்டுக்கு ஆண்டு எழுதி வைத்த பட்டியல்தான், எந்தப் பறவை குறைகிறது, எப்போதிலிருந்து குறைகிறது என்று நாளைக்குச் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை எழுத, தினமும் ஏரிக்கரையில் நடக்கும் விவசாயக் குடும்பத்தைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

விவசாயிகள் செய்யக்கூடியவை

* தூர்வாரும்போது: ஏரியின் ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து இறங்கும்படி விடச் சொல்லுங்கள். கால்நடைக்கும் உதவும், பறவைக்கும் உதவும். நடுவில் மண்திட்டு இருந்தால் அப்படியே விடலாம்.

* எலிக்கு விஷம் வேண்டாம்: விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் பருந்தும் சேர்ந்தே சாகும். அதற்குப் பதில், பயிருக்கு மேலே நிற்கும் உயரத்தில் ‘டி’ வடிவக் குச்சிகளை வயலில் ஆங்காங்கே நடுங்கள். இரவில் கூகையும் பகலில் கரிச்சானும் வந்து உட்காரும். கதிர் முற்றும் நேரத்தில் குச்சிகளை எடுத்துவிட்டால், தானியம் தின்னும் பறவைகள் அமராது.

* குருணை மருந்து: கார்போஃபியூரான் போன்ற குருணைகளைத் தானியம் என்று நினைத்துப் பறவைகள் பொறுக்கித் தின்று இறக்கின்றன. முடிந்தவரை தவிர்ப்பது நல்லது.

* தாளை எரிக்காதீர்கள்: அறுத்த தாளுக்குள் இருக்கும் பூச்சியும் எலியும்தான் பூனைப்பருந்தின் சாப்பாடு. தாளை மடக்கி உழுதால் மண்ணுக்கும் சத்து.

* கண்ணி, வலை: கொக்கு, உள்ளான், நாரை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெரியவந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

* பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையின் நான்கு நாள்களில் நடக்கிறது. வயலிலோ, ஏரிக்கரையிலோ, வீட்டுத் தோட்டத்திலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், ஊர்ப் பறவைகளின் பெயரெல்லாம் நாலே நாளில் அவர்களுக்கு மனப்பாடம்!